அடுக்களைக் கதவுக்கு அப்பால்

புதுவை நகரின் தென்புறத்தில், அரியாங்குப்பம் ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் தேங்காய்த்திட்டு. புதுவையின் மீன்பிடித் துறைமுகம் இங்குதான் இருக்கிறது. படகுகள் கரை சேரும் வேளையில் வஞ்சிரமும் சூரையும் கானாங்கெளுத்தியும் கூடைகளில் இறங்குகின்றன, பனிக்கட்டி உடைபடுகிறது, பேரம் முடிந்த மீன் நகரத்தை நோக்கிப் புறப்படுகிறது. இதே ஆற்றின் கரையில், சற்று உள்ளே தள்ளி, அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவரை அடுத்து ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த மேடு அது. அங்கே கிடைத்த ரோமானிய இருகைச் சாடிகளின் உடைசல்களை ஆராய்ந்த எலிசபெத் வில், அவற்றுள் பெரும்பாலானவை மதுவைச் சுமந்து வந்தவை என்றும், சில ஆலிவ் எண்ணெயும் 'காரும்' என்னும் மீன் சாறும் கொண்டு வந்தவை என்றும் கண்டார்.

சிறு மீன்களையும் மீன் குடலையும் உப்பிட்டு, வெயிலில் வாரக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறுதான் காரும். ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைத் தொட்டி ஒன்றில் அது ஊறியபோது யார் அருகில் இருந்தார், தொட்டி எப்போது கழுவப்பட்டது என்பதையெல்லாம் அரிக்கமேட்டில் அதைச் சோற்றிலோ அப்பத்திலோ ஊற்றிக்கொண்டவர் அறிந்திருக்க வழியில்லை. அவருக்கும் நோய்க்கும் இடையே நின்ற காவல் உப்பு ஒன்றுதான். சமைப்பவரை உண்பவர் காணாத உணவு என்பது நமக்கு நேற்று வந்த புதுமை அன்று என்பதைச் சொல்லவே இவ்வளவு தொலைவு போக நேர்ந்தது.

உணவகத்தின் முன்கூடத்திற்கும் பின்கட்டிற்கும் நடுவே உள்ள கதவைப் பற்றியே நாம் இங்கே பேச விழைகிறோம். அந்தக் கதவைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மனிதருக்கு எப்போது வந்தது? வந்தபோது அவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கத் தவறினார்கள்?

தமிழ்நாட்டில் அந்தக் கதவை முதலில் காத்தது சுகாதாரம் அன்று, ஆசாரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்களில் காப்பி கிளப்புகள் பெருகியபோது, வெளியில் உண்ணத் தயங்கியவரை உள்ளே அழைத்தது 'பிராமணாள்' என்னும் பெயர்ப்பலகை. பாத்திரம் எவ்வாறு கழுவப்பட்டது என்பதற்கு அந்தப் பலகையில் விடை இல்லை. சமைத்தவர் என்ன சாதி என்பதற்கு மட்டும் இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியார் நடத்திய பெயர்ப்பலகை அழிப்புக் கிளர்ச்சியைச் சமூக நீதியின் வரலாற்றில் வைத்துப் பேசுவதே வழக்கம். உணவகத் தூய்மையின் வரலாற்றிலும் அதற்கோர் இடம் உண்டு என்பது நம் கருத்து. தூய்மை என்ற சொல்லைப் பிறப்பிலிருந்து பிரித்தெடுக்காமல் அதைச் சோப்போடும் தண்ணீரோடும் சேர்க்க இயலாது. தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளை முறையை நினைத்துப் பாருங்கள். தனிக் குவளை வைத்த கடைக்காரர் தாம் தூய்மை பேணுவதாகவே நம்பினார். அவருடைய கழுநீர் வாளி காலை முதல் மாலை வரை மாற்றப்படாமல் கிடந்தாலும் அந்த நம்பிக்கைக்குக் குறைவில்லை.

இரண்டு பொருளையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்த இடம் ஒன்று உண்டு. பெங்களூரில் 1924இல் 'பிராமண காப்பி கிளப்' என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் மாவள்ளி டிபன் ரூம்ஸ் ஆன உணவகம். அதை நடத்திய யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா சென்று, அங்குள்ள உணவகங்களின் துப்புரவைக் கண்டு வியந்து திரும்பினார். குவளைகளையும் கரண்டிகளையும் கிருமி நீக்கும் முறையைத் தம் கடையில் புகுத்தினார். உண்ண வருவோர் அடுக்களையைப் பார்த்துக்கொண்டே கூடத்திற்குச் செல்லும் வழக்கமும் அங்கே இருந்தது. கதவைத் திறந்து வைப்பதே விளம்பரம் என்பதை உணர்ந்த மனிதர்.

அவர் கண்ட ஐரோப்பாவின் முன்கூடம் உண்மைதான். பின்கட்டை நாம் வேறொருவர் வழியாக அறிவோம். ஜார்ஜ் ஆர்வெல் பாரிஸ் நகர ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுபவராக வேலை செய்துவிட்டு, 1933இல் அந்த அனுபவத்தை நூலாக்கினார். பளபளக்கும் கூடத்திற்கும் அழுக்கு மண்டிய சமையற்கட்டிற்கும் இடையே ஓர் இரட்டைக் கதவே இருந்ததை அவர் விவரித்த பிறகு, உயர்தர உணவகம் என்ற சொற்றொடரின் மீது வாசகருக்கு ஐயம் வந்துவிட்டது. அழுக்குக்குக் காரணம் பணியாளரின் இயல்பு என்று ஆர்வெல் எழுதவில்லை. நாளுக்குப் பல மணி நேரம், நெருக்கடி, நேரமின்மை: இவையே அவர் கண்டவை.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவையில் தூய்மை என்பது முதலில் தண்ணீர்ச் சிக்கலாகவே இருந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்திற்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாகவே ஆயி மண்டபம் நிற்கிறது. அதனோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் பொறியாளர் லமரேஸ், திருக்குறளைப் பிரெஞ்சில் பெயர்த்தவரும் ஆவார் என்பதை இலக்கிய அன்பர்கள் அறிவார்கள். நல்ல தண்ணீர் குழாயில் வந்த பின்னரே ஒரு நகரத்தின் உணவகம் கை கழுவுவதைப் பற்றிப் பேச முடியும். எவ்வளவு எளிய உண்மை! ஆயினும் இன்றைக்கும் தள்ளுவண்டியின் ஒற்றைக் குடத்தைக் காணும்போது இது நம் நினைவுக்கு வருவதில்லை.

சட்டம் அடுக்களைக்குள் வந்த வரலாறு விசித்திரமானது. 1906இல் அப்டன் சிங்ளேர் 'தி ஜங்கிள்' நாவலை வெளியிட்டார். சிகாகோ இறைச்சிக்கூடங்களில் குடியேறித் தொழிலாளர் படும் துயரத்தைச் சொல்வதே அவர் நோக்கம். அமெரிக்க மக்கள் படித்துக் கொதித்தார்கள். ஆனால் கொதித்தது தொழிலாளிக்காக அன்று, தம் தட்டிலிருந்த இறைச்சிக்காக. அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் தூய உணவு, மருந்துச் சட்டமும் இறைச்சி ஆய்வுச் சட்டமும் நிறைவேறின. மக்களின் நெஞ்சைக் குறிவைத்தது வயிற்றில் பட்டுவிட்டது என்ற பொருளில் சிங்ளேர் பின்னாளில் வருந்தினார். உணவுச் சட்டங்களின் பிறப்பிலேயே ஏற்பட்ட இந்த விலகலை மனத்தில் வைத்துக்கொண்டு நம் சட்டங்களைப் பார்ப்போம்.

சென்னை மாகாணத்தில் 1918இல் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம். நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954 செப்டம்பர் 29இல் பிறந்தது. ஒரு மாதம் கடந்து சில நாளில், நவம்பர் 1ஆம் நாள், புதுவையின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல்தான் முழுமை பெற்றது. அதன் பிறகே, 1963ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்றால் பல இந்தியச் சட்டங்கள் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டன. கலப்படத் தடுப்புச் சட்டமும் அவற்றுள் ஒன்று.

அந்தச் சட்டம் வேலை செய்த முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆய்வாளர் கடைக்கு வருவார். விலை கொடுத்து மாதிரி வாங்குவார். அதை மூன்றாகப் பிரித்து முத்திரையிடுவார். ஒரு பங்கு பொதுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். பாலில் நீர், நெய்யில் வனஸ்பதி, மிளகில் பப்பாளி விதை, மிளகாய்த்தூளில் சாயம்: இவற்றைப் பிடிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. கலப்படக்காரர் என்பவர் வேண்டுமென்றே ஏமாற்றுபவர். அவரைச் சோதனைக்குழாய் காட்டிக்கொடுக்கும். ஆனால் யாரையும் ஏமாற்றும் எண்ணமே இல்லாத ஒருவர், நல்ல அரிசியைக் கொண்டு, நல்ல எண்ணெயில் சமைத்து, நோயை உண்டாக்க முடியும். அதைப் பற்றி இந்தச் சட்டத்தின் கற்பனை பெரிதாக ஓடவில்லை.

நம் ஊர்களில் 'பாஸ்ட் புட்' என்றால் பர்கர் அன்று. மாலை ஆறு மணிக்கு மேல் தெருமுனையில் விளக்குடன் எழும் தள்ளுவண்டி, சீறும் அடுப்பு, இரும்புச் சட்டியில் புரளும் பிரைடு ரைஸ், நூடுல்ஸ். பார்வைக்கு இது ஒளிவுமறைவற்ற சமையல். தீயும் கரண்டியும் கண்ணெதிரே. ஆனால் அந்தச் சோறு வெந்தது எப்போது? உதிரியாக வர வேண்டும் என்பதற்காக நண்பகலிலேயே வடித்து, அகன்ற தட்டில் பரப்பி ஆறவிடப்பட்டிருக்கும். அரிசியில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைக்கின்றன, பெருகுகின்றன, நஞ்சொன்றைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு வெப்பத்திற்கு அசையாதது. இரவு ஒன்பது மணிக்கு எவ்வளவு தீயில் புரட்டினாலும் அழியாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் பிரைடு ரைஸ் உண்டவர்கள் நோயுற்றபோதுதான் மருத்துவ உலகம் இதைத் தெளிவாக அறிந்துகொண்டது. நாம் கண்ணால் காணும் தீ, காணாத பிற்பகலை ஈடுசெய்வதில்லை.

மிஞ்சிய சோற்றை நீரில் மூழ்கவைத்த நம் பாட்டிமார் இந்தக் கிருமியின் பெயரை அறிந்தவர்கள் அல்லர். ஆனால் நீரூற்றிய சோறு விரைவில் புளிக்கிறது. புளிப்பேறிய சூழலில் இத்தகைய கிருமிகள் தழைப்பது கடினம். பழைய சோற்றைப் பற்றி இன்று பரவும் அற்புதக் கதைகள் எல்லாவற்றையும் நாம் ஏற்கவில்லை. எனினும் நீரில் கிடந்த சோறும் தட்டில் பரப்பிய சோறும் ஒன்றல்ல என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

மீனுக்கும் இதே கணக்குத்தான். தேங்காய்த்திட்டில் இறங்கும் சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பனிக்கட்டி போதாமல் வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பில் தடிப்புகள் எழும். வறுத்தாலும் குழம்பில் கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. ஆக, உணவகத்தின் அடுக்களை துறைமுகத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2018இல் கேரளத்திலும் சென்னையிலும் மீனில் பார்மலின் கலந்திருப்பதாக எழுந்த பேரச்சம் நினைவிருக்கலாம். பனிக்கட்டி என்னும் செலவைத் தவிர்க்க வேண்டிக் கையில் எடுக்கப்படும் குறுக்குவழி அது.

பண்டத்தைச் சோதிப்பதைவிட அது உருவாகும் வழியைக் காவல் காக்க வேண்டும் என்ற எண்ணம் விண்வெளியிலிருந்து வந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1959 வாக்கில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்கும் பொறுப்பு பில்ஸ்பரி நிறுவனத்திடம் வந்தது. செய்த உணவு முழுதும் பாதுகாப்பானது என்று உறுதி சொல்ல வேண்டுமானால் அதில் பெரும்பகுதியைச் சோதனைக்கே செலவிட வேண்டும். வீரர்களுக்கு மிஞ்சுவது சிறிதே. எனவே பாதை முழுவதையும் ஆராய்ந்து, எந்தெந்தக் கட்டத்தில் தீங்கு நுழையலாம் என்று கண்டு, அங்கே வெப்பத்தையும் நேரத்தையும் அளந்து குறிக்கும் முறையை வகுத்தார்கள். இன்று 'ஹாசப்' என்ற பெயரில் பெருநிறுவன உணவகங்களின் சுவர்களில் அட்டவணையாகத் தொங்குவது இதுதான்.

அட்டவணை தொங்கினால் போதுமா? 1921இல் விசிட்டா நகரில் தொடங்கிய 'ஒயிட் காசில்' கடை, சிங்ளேரின் நாவல் விதைத்த அச்சத்தைப் போக்கவே வெள்ளைப் பீங்கான் பூச்சும் கண்ணெதிரே சமையலும் காட்டியது. துரித உணவின் பிறப்பே தூய்மைக் காட்சியோடு கலந்தது எனலாம். ஆனால் 1993இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 'ஜாக் இன் தி பாக்ஸ்' என்னும் தொடர் உணவகத்தின் பர்கரை உண்டு எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; நான்கு குழந்தைகள் இறந்தன. வாஷிங்டன் மாநில விதி இறைச்சியை ஏறக்குறைய 68 பாகை செல்சியஸ் வரை வேகவைக்கச் சொன்னது. அந்தக் கடைகள் 60 பாகையோடு நிறுத்தின. எட்டுப் பாகை என்பது அடுப்பின்மேல் சில வினாடிகள். வரிசையில் நிற்பவர் பொறுமை இழக்காதிருக்க அந்த வினாடிகள் மிச்சப்படுத்தப்பட்டன. துரிதம் என்ற சொல்லின் விலை சில சமயம் இப்படித்தான் வசூலாகிறது.

நம் பக்கத்து வரலாறும் குழந்தைகளிடமே வந்து நிற்கிறது. 2022 மே 1ஆம் நாள் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட பதினாறு வயது மாணவி இறந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் பதினான்கு வயதுச் சிறுமி இறந்தார். அதே கடையில் உண்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்ந்தனர். ஷவர்மாவின் நிற்கும் கம்பியில் வெளிப்புறம் மட்டுமே வேகிறது. வெந்ததைச் சீவி எடுக்க எடுக்க அடுத்த அடுக்கு தீயை நோக்கித் திரும்புகிறது. கூட்டம் மிகுந்தால், வேகுமுன் சீவத் தோன்றும். கூட்டம் குறைந்தால், இறைச்சி வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் சுழலும். இரண்டுமே தீங்கு. ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகளின் தோட்டம்.

அதனுடன் சேரும் மயோனைசைப் பற்றிப் புதுவையைக் குறித்த கட்டுரையில் ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியாது. பிரெஞ்சுச் சமையலின் பெருமைகளுள் ஒன்று அது: பச்சை முட்டைக் கருவும் எண்ணெயும் புளிப்பும் கலந்து கடைந்தது. ஆனால் தமிழகத் தெருக்களுக்கு அது புதுவை வழியாக வரவில்லை. வளைகுடாவிலிருந்து திரும்பியோர் கொண்டுவந்த ஷவர்மாவோடு வந்தது. லெபனான் நாட்டார் ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்வது முட்டையே சேராத 'தூம்' என்னும் பூண்டுக் கடைசல். அந்த இடத்தில் முட்டை எப்படியோ ஏறி அமர்ந்துவிட்டது. முட்டைக்குள்ளேயே சால்மொனெல்லா இருக்கக்கூடும் என்பதைச் சொல்லப்போய், 1988 டிசம்பரில் பிரிட்டனின் இளைய அமைச்சர் எட்வினா கரி பதவி இழந்தார். கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபரிலும் பச்சை முட்டை மயோனைசுக்குத் தடை விதித்தன. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

புதுவையில் பெரும் பரபரப்பு ஏற்படுத்தியது பஞ்சுமிட்டாய். 2024 பிப்ரவரியில் அங்கே விற்ற இளஞ்சிவப்புப் பஞ்சுமிட்டாயில் 'ரோடமின் பி' என்னும் துணிச்சாயம் இருப்பது கண்டறியப்பட்டு விற்பனை தடுக்கப்பட்டது. சில நாளில் தமிழ்நாடும் தடை செய்தது. மார்ச்சில் கர்நாடகம் கோபி மஞ்சூரியனின் செயற்கை வண்ணத்தையும் சேர்த்துத் தடுத்தது. சரியான நடவடிக்கையே. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. சாயம் கண்ணுக்குத் தெரியும், குழாயில் அகப்படும், அதைத் தோளில் சுமந்து விற்பவர் எளிதில் கைக்கு வருவார். பிற்பகல் வெயிலில் ஆறிய சோற்றின்மேல் யார் தடை விதிப்பது?

செறுவத்தூர் நிகழ்வில் கண்டறியப்பட்ட கிருமி ஷிகெல்லா. கோழியின் உடலில் வாழ்வதன்று அது. மனிதக் குடலில் வாழ்வது. கழுவாத கை வழியாகவோ கழிவு கலந்த தண்ணீர் வழியாகவோ மட்டுமே அது உணவை அடைய முடியும். இங்கேதான் நம் கதை பண்டத்தைவிட்டு ஆளிடம் வந்து சேர்கிறது. சரக்கு மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சப்ளையர், மேசை துடைக்கும் பையன், பின்கட்டில் ஈரத்தில் நின்று பாத்திரம் தேய்க்கும் பெண்: இவர்களுடைய கைக்கு எட்டும் தூரத்தில் சோப்பு இருக்கிறதா, கழிவறை இருக்கிறதா, காய்ச்சல் கண்ட நாளில் வீட்டில் படுக்க முடிகிறதா?

நியூயார்க்கின் மேரி மல்லன் வரலாறு பலரும் அறிந்ததே. தனக்கு நோயின்றியே டைபாய்டு கிருமியைச் சுமந்த சமையற்காரி. 1907இல் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள்; இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின்பேரில் 1910இல் விட்டார்கள். சலவை வேலையில் கிடைத்த கூலி போதாமல் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்பங்கரைக்கே போனார். 1915இல் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் சமையற்கட்டில் பிடிபட்டு, 1938இல் இறக்கும்வரை அடைபட்டுக் கிடந்தார். அவர் பெயரை வசைச்சொல்லாக்கிய உலகம், சமையலை விட்டால் அவர் எதைக்கொண்டு வாழ்வது என்ற கேள்வியை அதிகம் கேட்கவில்லை. நூறாண்டு கழித்து, 2014இல், அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொன்னது: உணவகப் பணியாளருள் ஐவரில் ஒருவர் வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ள நிலையிலும் வேலைக்கு வந்ததாகக் கூறியிருக்கிறார். 2020இல் 'சிபோட்லே' நிறுவனம் இரண்டரைக் கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்ட வழக்கிலும், நோயுற்ற பணியாளர் வேலை செய்ததே சில நோய்ப்பரவல்களின் மூலம்.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டு இரண்டு நிகழ்ந்தன. ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் நிறைவேறியது. அக்டோபர் 10 முதல் உணவகங்களிலும் தேநீர்க்கடைகளிலும் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. ஒன்று தட்டைப் பற்றியது. மற்றது தட்டைக் கழுவிய கையைப் பற்றியது. அதுவரை நம் உணவகங்களின் மேசைகளைத் துடைத்தவர்களுள் பலர் சிறுவர்கள் என்பதை நாம் அனைவரும் பார்த்துக்கொண்டேதான் டிபன் உண்டோம். இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசிய கட்டுரை எதையும் நாம் படித்ததில்லை.

2011 ஆகஸ்டு 5இல் நடைமுறைக்கு வந்த அந்த உணவுச் சட்டத்தின் விதிகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று உண்டு. மாதிரியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல் அடுக்களைக்குள்ளேயே நுழைவது அது. தரை, வடிகால், தண்ணீர், குப்பைத்தொட்டி, எலி, பூச்சி, நகம், தலைமுடி, சூடான உணவுக்கு அறுபது பாகை, குளிர்ந்ததற்கு ஐந்து பாகை என அனைத்தையும் தொட்டுச் செல்கிறது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் 2018 ஜூலையில் எல்லை வகுக்கப்பட்டது: முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயில் பொரிக்கலாகாது. பணியாளர் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், குடற்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், தொற்று நோயோ ஆறாத புண்ணோ உள்ளவரை உணவைத் தொடவிடக் கூடாது என்றும் அந்த அட்டவணை கூறுகிறது. அவ்வாறு விலக்கப்பட்டவரின் அன்றைய கூலியை யார் தருவது என்பது அதில் எங்கும் இல்லை.